இல்லையென்று நான் சொன்ன சத்தம்

என் ஆசை உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமைகளில் உங்கட மருமகன் மையவாடிக்குப் போய், உங்களை அடக்கின கப்றடியில் நின்று சலாம் சொல்லிவிட்டு வருகிறார். எங்கட ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. எனக்குச் சொல்ல இருப்பதை அவரிடம் கொடுத்தனுப்பலாம்தான். ஆனால் கடைக்கு அனுப்பினால் பாதிச் சாமானை மறந்துவிட்டு வருகிற மனிதர் அவர், உங்களுக்குத் தெரியாததா? அதனால் எழுதுகிறேன்.

இன்றைக்கு நான் நோன்பு. பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு முன்கூடத்துக் கதிரையில் இருக்கிறேன். ரமழானும் இல்லாமல், பிறையும் இல்லாமல் ஏன் புள்ள நோன்பு என்று வேறு யாரும் கேட்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அது சரியா என்று உங்களிடம் கேட்கத்தான் இந்தக் கடிதமே.

முதலில் ஒரு புதினச் செய்தி. நாற்பத்திநாலு வயதில் நான் மறுபடியும் வகுப்புக்குப் போகிறேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆஸ்பத்திரி மேல்மாடியில் ஒரு மண்டபம். பதினொரு பேர் படிக்கிறோம். என்ன படிக்கிறோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கதைக்கப் படிக்கிறோம். பொழுதுபட்டாலும் வாய் ஓயாத என் மகளுக்குக் கதைக்கப் படிப்பிக்க ஒரு வகுப்பா என்று நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது.

காக்காவோடு கதைக்கத்தான் படிக்கிறேன், உம்மா.

காக்கா யாரென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று விடுகிறேன். எங்கட ஊரில் எத்தனை வீட்டில் ஓர் அறைக் கதவு பகலிலும் சாத்தியே கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் கதைப்பதில்லை. ஆகவே அவர்களுக்காக: காக்கா என் ஒரே கூடப்பிறந்தவர், என்னைவிட நாலு வயது மூப்பு. கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரர், ஊர்ப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தவர். இருபத்திரண்டாம் வயதில் அவருக்கு மட்டும் சில குரல்கள் கேட்கத் தொடங்கின. சாப்பாட்டில் யாரோ எதையோ போடுகிறார்கள் என்ற பயமும் கூடவே வந்தது. ஓதிப் பார்த்தோம், இசிம் எழுதின தாயத்துக் கட்டினோம், கடைசியில்தான் கிளினிக்குக்குப் போனோம். கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த நீளப் பெயருக்குத் தமிழில் உளச்சிதைவு என்று அர்த்தம் என்பதே எனக்கு இந்த வகுப்பில்தான் தெரியும்.

எங்கட வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. ஆம்பிளைப் பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போக வேண்டும். காக்காவுக்குக் கலியாணம் நடக்கவில்லை, ஆகவே போக ஒரு வீடும் இல்லை. தான் பிறந்த வீட்டிலேயே தங்கச்சி வீட்டு விருந்தாளியாக இருக்கிறார். பானையில் தண்ணீர் அள்ளுவதற்கும் “அள்ளட்டா புள்ள?” என்று கேட்பார். அது எனக்கு வழக்கமாகிப் போய்விட்டது. அது எப்படி எனக்கு வழக்கமானது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

நீங்கள் மவுத்தாகுவதற்கு நாலு நாள் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் காதைக் கிட்ட இழுத்து ஒரு விசயம் சொன்னீர்கள். “காக்காட குளிசை காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு. கையில குடுத்தா குடிக்க மாட்டான். வெத்திலை உரலில மாவா இடிச்சு, தேத்தண்ணியில கரைச்சுக் குடு. சீனி கொஞ்சம் கூடப் போடு.” அந்தச் சின்ன உரலில் நீங்கள் வெற்றிலை இடிக்கிறீர்கள் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். வெற்றிலைக்கு முன்னால் காக்காவின் மருந்துக் குளிசை இடிபட்டது எனக்குத் தெரியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் என்பார்கள். நான் ஒரு சின்னக் குளிசையைத் தேத்தண்ணியில் மறைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்கள் சொன்னபடியே செய்தேன். வெற்றிலை போடும் பழக்கம் எனக்கு இல்லை. இருந்தாலும் காலையும் பின்னேரமும் குசினியில் உங்கட உரலை எடுத்து இடித்தேன்.

காக்காவின் அறை குசினிக்கு அடுத்தது. நீங்கள் போய் ஒரு மாதம்கூட இருக்காது, ஒரு நாள் வாசலில் வந்து நின்றார்.

“உம்மா இடிக்கிற சத்தம் கேக்குது.”

உரலைச் சட்டெனச் சட்டிக்குப் பின்னால் தள்ளினேன். “அது உங்கட மண்டைக்குள்ள கேக்கிற சத்தம் காக்கா. உம்மா மவுத்தாகிட்டா. இந்த வீட்டில ஆரும் வெத்திலை போடுறல்ல.”

அன்பாகத்தான் சொன்னேன். குரலைத் தாழ்த்தி, தோளில் கைவைத்துச் சொன்னேன். அவர் உங்கட மருமகனிடம் போய்க் கேட்டார். அவரும் “சத்தமா? ஒண்டும் கேக்கல்லயே மச்சான்” என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் இடிக்கும் நேரத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலில் இருப்பதை ஜன்னலால் கண்டேன். கண்டுவிட்டு மெல்ல இடித்தேன்.

இன்னொரு நாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “கசக்குது. ஒண்டும் போடல்லதானே? சத்தியம் பண்ணு.” நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே “அல்லாஹ்மேல சத்தியமா ஒண்டும் போடல்ல காக்கா” என்றேன். அடுத்த மாதங்களில் இன்னும் இரண்டு தடவை. நாக்கு கூசவில்லை உம்மா. நோயாளிக்கு மருந்து கொடுக்கத்தானே சொல்கிறேன் என்ற தைரியம். ஒவ்வொரு தடவைக்கும் பிறகு ஒரு கிழமை அளவுக்கு, மத்தியானத்தில் குசினி வாசலில் வந்து நின்று நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். என் சோற்றுப் பீங்கானையும் பார்ப்பார், வாயையும் பார்ப்பார். என்ன காக்கா, சோறு போடட்டா என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அதுவும் அந்த நோய் வருத்தத்தில் ஒரு குணம் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் தேத்தண்ணியை விட்டார். பிறகு சோற்றை விட்டார். தோல் இருக்கிற சாமான்தான் சாப்பாடு என்று ஆகிவிட்டது. கதலிப்பழம், தானே அவித்துத் தானே உடைக்கிற முட்டை, தானே வெட்டுகிற இளநீர். மனிதர் மெலிந்து சாரம் இடுப்பில் நிற்கவில்லை. குளிசை ஒன்றும் உள்ளே போகாததால் குரல்கள் கூடின. அறை ஜன்னலைப் பாய் வைத்து அடைத்தார். கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார், இந்தப் புதன்கிழமைக்குள் சாப்பாடும் மருந்தும் தொடங்காவிட்டால் ஆஸ்பத்திரி வாட்டில் சேர்க்கத்தான் வேண்டும் என்று. போன முறை வாட்டுக்குக் கொண்டுபோக நாலு பேர் பிடித்து ஏற்றினோம். அவர் என் பெயரைச் சொல்லிக் கத்தியது உங்களுக்கும் நினைவிருக்கும். அதை இன்னொரு தரம் செய்ய எனக்கு ஏலாது. அதற்கு மேலே, தூரத்தில் ஒரு பராமரிப்பு விடுதி இருக்கிறது, நிரந்தரமாக விட்டுவிடலாம் என்று உங்கட மருமகனின் வீட்டார் வேறு சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் வகுப்புக்குப் போனேன். நடத்துகிறவ ஒரு மிஸ், மனநலப் பகுதியில் நேர்ஸ், பாண்டிருப்புக்காரி. நோயாளியைப் பற்றிப் பாடம் நடத்துவா என்று கொப்பி பேனையோடு போனால், எங்களைப் பற்றித்தான் நடத்துகிறா. நீங்க வீட்டுக்குள்ள போனதும் முதல் என்ன சொல்லுவீங்க? எங்க நிண்டு சொல்லுவீங்க? அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் விடுவீங்க? நான் எவ்வளவு நேரமும் விடுவதில்லை என்பது முதல் நாளே வெளியாகிவிட்டது.

அதிசயம் என்னவென்றால், மிஸ் சொல்வதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தீர்கள். நேருக்கு நேர் நின்று கதைக்காதீர்கள், பக்கத்தில் இருந்து கதையுங்கள் என்கிறா. நீங்கள் சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே காக்காவோடு கதைப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒரு விசயம் மட்டும் கேளுங்கள் என்கிறா. “குளிக்கப் போறியா மனே?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கல் பொறுக்குவீர்கள். குரல்களோடு சண்டை பிடிக்கவும் வேண்டாம், எனக்கும் கேட்கிறது என்று நடிக்கவும் வேண்டாம், பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள் என்கிறா. நீங்கள் கேட்பீர்கள். இதையெல்லாம் யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது? நான் பக்கத்திலேயே இருந்தும் எப்படி ஒன்றையும் பிடிக்காமல் விட்டேன்?

போன சனிக்கிழமை ஒரு விளையாட்டு வைத்தா. இரண்டு இரண்டு பேராக இருக்க வேண்டும், ஒருவர் நோயாளி, மற்றவர் பராமரிக்கிறவர். எனக்குச் சோடியாக வந்தவர் தவராசா அண்ணன். தபால் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவர், அவருடைய மனைவிக்கும் இதே வருத்தம். ஆளுக்கொரு கடதாசித் துண்டு தந்தார்கள். என் துண்டில் இருந்தது இவ்வளவுதான்: நீங்கள் நோயாளி. இந்த மண்டபத்தில் உங்களுக்குக் கேட்கும் ஒரு சத்தத்தைப் பற்றி மற்றவரிடம் சொல்லுங்கள்.

இது பெரிய வேலையா? தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுக்கொரு தரம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணன், இந்த ஃபேன் கிறீச்செண்டு கத்துது.”

அவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். “எனக்கு ஒண்டும் கேக்கல்லயே தங்கச்சி.”

“என்ன அண்ணன், இவ்வளவு சத்தமாக் கத்துதே!”

“இல்லயே. உங்களுக்கு நித்திரை குறைவுபோல.”

பக்கத்துக் கதிரைக்காரியைக் கேட்டேன். அவவும் இரக்கத்தோடு தலையாட்டினா. எனக்கு முகம் சூடாகிவிட்டது. எழும்பி ஃபேனுக்குக் கீழே போய் நின்று விரலால் காட்டினேன். அண்ணன் பின்னால் வந்து என் தோளில் மெல்லத் தட்டி, “இருங்க தங்கச்சி, தண்ணி குடியுங்க, எல்லாம் சரியாப் போகும்” என்றார். அந்தத் தட்டல்தான் உம்மா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “நான் பைத்தியமா?” என்று அந்த மண்டபமே அதிரக் கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மிஸ் கைதட்டி நிறுத்தினா. பராமரிக்கிறவர்களுடைய துண்டுகளிலெல்லாம், நோயாளி எதைச் சொன்னாலும் அன்பாக இல்லை என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்ததாம். தவராசா அண்ணன் வெட்கத்தோடு தன் துண்டைக் காட்டினார். பாவம் மனிதர், பென்சன் எடுத்த பிறகும் உத்தரவுக்குப் பணிகிறவர்.

“எவ்வளவு நேரம் நடந்தது?” என்று மிஸ் கேட்டா.

“ரெண்டு நிமிசம் இருக்கும்.”

“ரெண்டு நிமிசத்தில நீங்க எழும்பி நிண்டு கத்திட்டீங்க. வீட்டில இருக்கிறவருக்கு எத்தனை வருசம்?” பிறகு எல்லோருக்குமாகச் சொன்னா. “அவருக்குக் கேக்கிறது எல்லாம் இல்லாத சத்தம் எண்டு கதிரையில இருந்துகொண்டு முடிவெடுக்காதீங்க. முதல்ல எழும்பிப் போய்ப் பாருங்க.”

எல்லோரும் சிரித்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கப் போனார்கள். நான் எழும்பவில்லை. எனக்குள் உங்கட உரல் டொக் டொக் என்று இடிபட்டுக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடமாக இல்லாத சத்தங்களோடு மாரடிக்கிற மனிதருக்கு, உண்மையாகக் கேட்ட ஒரே சத்தத்தையும் இல்லையென்று ஆக்கியவள் நான்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவா என்று நினைத்தேன், ஏசவில்லை. பயத்தில் எத்தனையோ வீட்டில் இப்படிச் செய்கிறார்கள் என்றா. டொக்டரோடு ஃபோனில் கதைத்துவிட்டு வந்து சொன்னா, “உண்மையைச் சொல்லுங்க. சின்னச் சின்னதாச் சொல்லுங்க. நியாயம் சொல்லாதீங்க. சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டிருங்க. புதன்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க, மருந்தைப் பற்றி அவரோடயே கதைப்பம்.”

உங்கட மருமகனுக்கு விருப்பமில்லை. “சொன்னா இனி ஒரு நாளும் நம்மட கையால தண்ணிகூடக் குடிக்க மாட்டார், மறுகா வாட்டுத்தான்” என்றார். எனக்கும் அதே பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிருக்கும். காக்கா பின்வாசல் படியில் இருந்து முட்டைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன், எதிரில் இல்லை. வெற்றிலை உரலையும் குளிசை அட்டையையும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன்.

“காக்கா, இடிக்கிற சத்தம் மெய். நான்தான் இடிச்சன்.”

அவர் கை நின்றது.

“உங்கட குளிசையை இடிச்சன். தேத்தண்ணியில போட்டன். கேட்டதுக்குப் பொய் சொன்னன்.”

வாயை மூடிக்கொண்டேன். மூன்று வகுப்பிலும் எனக்கு மிகக் கஷ்டமான பாடம் அதுதான். உங்களுக்காகத்தானே காக்கா, உங்கட நன்மைக்குத்தானே என்று தொண்டைவரை வந்ததையெல்லாம் விழுங்கினேன். பக்கத்து வளவில் யாரோ தேங்காய் உரித்தார்கள். அவர் உரலை எடுத்து மணந்து பார்த்தார்.

“வெத்திலை மணம் போயிட்டு.”

“ஓம்.”

“அப்ப சத்தம் மெய்தான்.”

“மெய்தான். உங்கட காதில ஒரு பிழையும் இல்ல காக்கா.”

“மச்சானும் பொய்யா சொன்ன?”

“ஓம். அவரும்.”

மிச்சத் தோலையும் உரித்து முடித்தார். பிறகு, கணக்கில் பிழை பிடிக்கிற பழைய குரலில் கேட்டார். “மூணு தரம் சத்தியம் பண்ணினாய். நோன்பு பிடிக்கல்லயே?”

எனக்கு விளங்கவில்லை. “என்ன நோன்பு காக்கா?”

“உம்மா பிடிப்பா. சத்தியம் பண்ணுங்க எண்டு கேட்டாப் பண்ணுவா, ஒண்டும் போடல்ல மனே எண்டு. மறுகா அந்தக் கிழமைக்குள்ளயே மூணு நோன்பு பிடிப்பா. பொய்ச் சத்தியத்துக்கு. அப்ப எனக்கு விளங்கும், உம்மாதான் போடுறா, குளிசைதான் போடுறா எண்டு. வேற ஆரும் இல்ல.”

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பொய்ச் சத்தியம் செய்தால் அதற்குப் பரிகாரம் உண்டு. பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், வசதி இல்லாதவர் மூன்று நோன்பு பிடிக்க வேண்டும்.

“தெரிஞ்சும் ஏன் காக்கா குடிச்சீங்க?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இதுகூடத் தெரியாதா என்பது போல. “உம்மா நோன்போட, நாக்குக் காஞ்சுபோய் நிண்டு தேத்தண்ணி ஊத்தித் தாறா. எப்பிடிப் புள்ள குடிக்காம இரிக்கிற?”

அதற்குப் பிறகு அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. “நீ சத்தியம் பண்ணினாய். மத்தியானம் வந்து வந்து பாத்தன். நீ சோறு தின்னுக்கிட்டு இரிக்காய். அப்ப நீ சொன்னது பொய்யில்ல. நீ போடல்லண்டா அந்தக் கசப்பு எங்கால வருது? வேற ஆரோதான் போடுறான். காதுக்குள்ள அவங்க சொல்றதும் அதுதானே.”

உம்மா, நான் அழுதேன். பராமரிப்பவர் நோயாளிக்கு முன்னால் அழலாமா என்று மிஸ் இன்னும் படிப்பிக்கவில்லை. குசினி வாசலில் வந்து நின்று அவர் பார்த்தது என் பொய்யை அல்ல. என் பொய்யை மன்னிப்பதற்கு ஒரு வழி இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறார். நான் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். இது உண்மையா?

நீங்கள் அடிக்கடி நோன்பு பிடித்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறை பதின்மூன்று, பதினாலு, பதினைந்தில் பிடிக்கிற நபிவழிச் சுன்னத்தான நோன்பு என்றால் நாள் ஒத்துவர வேண்டும், ஒரு நாளும் ஒத்துவந்ததில்லை. ஒருமுறை கேட்டேன். “களா நோன்பு புள்ள, விட்டுப்போன நோன்புதான்” என்றீர்கள். ஒரு மனிசிக்கு வருசம் முழுக்கப் பிடிக்க எத்தனை நோன்பு விட்டுப்போயிருக்கும் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். வேளாண்மை வெட்டுகிற வெயிலில், நோன்போடு கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தீர்களே. அந்தக் கிழமை காக்கா கோப்பையைச் சுவரில் அடித்துவிட்டுச் சத்தியம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தவரைத்தான் நாங்கள் எல்லோரும் மூளை பிசகியவர் என்றோம்.

காக்கா எண்ணுகிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா? அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் நடுவில் மட்டும் இருந்த நோன்பா அது? அல்லது வாயால் சொல்ல ஏலாத உண்மையை வயிற்றால் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? நான் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் விடை பிடிபடவில்லை. கட்டிலில் என் காதை இழுத்து எல்லாம் சொன்ன நீங்கள், இதை மட்டும் ஏன் விட்டீர்கள்? எனக்கு உங்கள் மேல் கோபமும் வந்தது, சொல்லிவிடுகிறேன். உரலைத் தந்தீர்கள், நோன்பைத் தரவில்லை. பாதி மருந்தைத் தந்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

திங்கட்கிழமை நோன்பு பிடித்தேன். மௌலவியைக் கேட்டால் உனக்கு வசதி இருக்கிறதே, முதலில் பத்துப் பேருக்குச் சோறு கொடு என்பார். அதையும் செய்வேன், ஒவ்வொரு சத்தியத்துக்கும் செய்வேன். ஆனால் எங்கட வீட்டில் எண்ணுகிறவர் நோன்பைத்தானே எண்ணுகிறார்?

அன்று மத்தியானம் காக்கா குசினி வாசலில் வந்து நின்றார். என் பீங்கான் கவிழ்ந்து கிடந்தது. பார்த்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். அப்போதும் பீங்கான் கவிழ்ந்தே கிடந்தது. “பானையில சோறு இரிக்கா?” என்று கேட்டார். எடுக்கட்டா என்று கேட்கவில்லை. தானே அகப்பையை எடுத்து, தானே போட்டு, மீன் ஆணத்தை ஊற்றிப் பின்வாசல் படியில் இருந்து சாப்பிட்டார். இரண்டாம் தரமும் போட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்ற பயம்.

இன்று காலை கிளினிக்குக்குப் போனோம். உள்ளே போவதற்கு முன் வாசலில் நின்று “வாட்டில விட மாட்டாய்தானே?” என்று கேட்டார். சத்தியம் செய்யச் சொல்லவில்லை. “எனக்குத் தெரியா காக்கா. டொக்டர் என்ன சொல்வாரெண்டு கேப்பம். எதெண்டாலும் உங்களுக்கு முன்னாலதான் கதைப்பன்” என்றேன். அதற்குத் தலையாட்டினார்.

டொக்டர் அவரைத்தான் கேட்டார், என்னையல்ல. காக்கா எல்லாவற்றையும் விசாரித்தார். இந்தக் குளிசை எதற்கு, குடித்தால் ஏன் உடம்பு கனக்கிறது, இடித்தாலும் அதே வேலை செய்யுமா, மாதத்துக்கொரு ஊசி நல்லதா. கடைசியில் குளிசைதான், ஆனால் அட்டையிலிருந்து தன் கையால் உடைத்துக் குடிப்பேன் என்றார். “மூணு மாசம் பாப்பன். மறுகா கதைப்பம்” என்று டொக்டருக்கே தவணை சொன்னார். வாட்டுக் கதை இன்றைக்கு வரவில்லை. இனி வராது என்று நான் எழுத மாட்டேன், எனக்குத் தெரியாது. ஜன்னலில் பாய் இன்னும் இருக்கிறது. குரல்களும் இருக்கின்றன. வரும் வழியில் ஒருமுறை நின்று யாருக்கோ பதில் சொன்னார். பயமா காக்கா என்று கேட்டேன். “கொஞ்சம்” என்றார். இரண்டு பேரும் நடந்து வந்தோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, உம்மா, குசினியில் சத்தம் கேட்கிறது. டொக், டொக், டொக். உங்கட உரல்தான். நான் இங்கே இருக்கிறேன், உங்கட மருமகன் கடையில். பேனையை வைத்துவிட்டுக் கேட்டேன்.

“காக்கா, என்ன சத்தம்?”

“நான்தான் இடிக்கிறன்.”

“என்ன இடிக்கிறீங்க?”

“இஞ்சி. உனக்கு நோன்பு திறக்கத் தேத்தண்ணிக்கு.” பிறகு, “எழும்பி வந்து பாரு” என்றார்.

போய்ப் பார்த்தேன். இஞ்சிதான்.

பள்ளியில் நோன்பு திறக்கிற பாங்கு சொல்லிவிட்டார்கள். குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். சீனி கூட, உறைப்பு அதைவிடக் கூட. கசக்கவில்லை. அவரும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்து குடித்தார், எதிரில் இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் உம்மா, சத்தியம் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு சத்தம் கேட்டால், எழும்பிப் போய்ப் பார்க்காமல் இல்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கவில்லை என்றால் எனக்குக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்வேன். இன்னும் இரண்டு சத்தியத்துக்கு ஆறு நோன்பு பாக்கி இருக்கிறது. காக்கா எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கட மகள்,
காக்கா பார்த்துக்கொள்ளும் தங்கச்சி.